அம்மாச்சி வீட்டிலிருந்து திருப்பூருக்கு வந்த பையன் ஏன் பள்ளிக்கூடத்தில் ஒட்டவில்லை?

ஒரு தாய் கேட்டிருப்பது இது. அவரும் கணவரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். மகன் ஐந்தாவது வரை உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் அம்மாச்சியிடம் வளர்ந்தான். அங்கே அவன்தான் வகுப்பில் முதல். இந்த ஜூனில் இங்கே கூட்டிவந்து அரசுப் பள்ளியில் ஆறாவது சேர்த்தார்கள். இப்போது தினமும் முதல் இரண்டு பாடவேளைக்குள் வயிறு வலிக்கிறது என்கிறான், வீட்டுப்பாடம் எழுதுவதில்லை, காலாண்டில் மூன்று பாடத்தில் தேறவில்லை. ஆசிரியர் "வீட்டுல கவனிங்க" என்கிறார். "நாங்க ரெண்டு பேரும் எட்டாவதுதான், வீட்டுக்கு வர ஒன்பது மணி ஆகுது, நாங்க என்னத்தைக் கவனிக்க? டியூஷன் சேர்க்கலாமா? ரெண்டு அடி போட்டாத்தான் சரியாவான்னு அவங்க அப்பா சொல்றாரு."

நான் திருப்பூரில் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகள் ஒவ்வொரு ஜூனிலும் எங்கள் ஆறாம் வகுப்புக்கு வருகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் டியூஷன். இப்போதைக்கு வேண்டாம். உங்கள் பையனுக்குப் பாடம் புரியாததால் இந்த நிலைமை வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒரே மாதத்தில் அவனுக்கு எல்லாமே மாறிவிட்டது. அம்மாச்சி இல்லை, பழைய கூட்டாளிகள் இல்லை, தெரு தெரியாது. அங்கே ஒரே டீச்சர் காலையிலிருந்து மாலை வரை இருந்திருப்பார், அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார். இங்கே ஆறாவதில் பாடத்துக்கு ஒருவராக வந்து போகிறோம். எனக்கே ஆகஸ்ட் வரைக்கும் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் மனதில் நிற்பதில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும், வருத்தப்படாதீர்கள்: நீங்கள் இருவரும்கூட அவனுக்குப் பாதி புதியவர்கள்தான். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் பலகாரத்தோடு வந்து போன அம்மா அப்பாவை அவனுக்குத் தெரியும். இரவு ஒன்பது மணிக்குக் களைத்து வந்து, சோறு வடித்து, மறுநாள் ஷிப்ட்டை நினைத்துக்கொண்டே படுக்கும் அம்மா அப்பாவை இப்போதுதான் பார்க்கிறான். புதுப் பள்ளியில் ஒட்ட வேண்டும், புது வீட்டிலும் ஒட்ட வேண்டும். பதினோரு வயதுக்கு இது பெரிய வேலை. நாலரை மணிக்கு மேல் டியூஷன் என்று இன்னொரு புது இடத்துக்கும் அனுப்பினால் சுமைதான் கூடும்.

"நாங்க எட்டாவதுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையின் படிப்புக்குக் குடும்பம்தான் அடிப்படை என்று அடிக்கடி கேட்டிருப்பீர்கள், அதைப் படித்த குடும்பம் என்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள். இந்தப் பேச்சுக்குப் பின்னால் பழைய ஆய்வு ஒன்று உண்டு. 1966இல் அமெரிக்க அரசுக்காக ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளரும் அவரது குழுவும் ஏறத்தாழ 4,000 பள்ளிகளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்தார்கள். கட்டடம், நூலகம், பள்ளி செலவழிக்கும் பணம் ஆகியவற்றில் இருந்த வித்தியாசத்தைவிட, பிள்ளை எந்தக் குடும்பத்திலிருந்து வருகிறது என்பதுதான் மதிப்பெண்ணோடு அதிகம் பொருந்திப்போனது. அதைக் கேட்டதும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு விதி முடிந்துவிட்டது என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. குடும்பத்தில் எது வேலை செய்கிறது என்று கேட்டவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது கூட்டம் முக்கியம்.

நான்சி ஹில், டயானா டைசன் என்ற இரு ஆய்வாளர்கள் 2009இல், உங்கள் மகன் வயதுப் பிள்ளைகளைப் பற்றி வந்த 50 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பெற்றோர் செய்கிற பலவற்றில் வீட்டுப்பாடத்துக்கு உதவுவது மட்டும் மதிப்பெண்ணுக்குத் துணைநிற்கவில்லை. அதிகம் துணைநின்றது வேறு: படிப்பை அந்த வீடு எவ்வளவு மதிக்கிறது, பிள்ளையிடம் என்ன எதிர்பார்க்கிறது, நாளைக்கு என்னவாகலாம் என்று பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவது. இதற்குப் பன்னிரண்டாவது பாஸ் தேவையில்லை. பின்னக் கணக்கு உங்களுக்கு வராவிட்டால் பரவாயில்லை, அது எங்கள் வேலை.

இப்போது வயிற்றுவலிக்கு வருகிறேன். ஒரு முறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பூச்சி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று என்று சாதாரணக் காரணம் இருக்கலாம். பள்ளிக் கழிப்பறைக்குப் போகக் கூச்சப்பட்டு நாள் முழுக்க அடக்கி வைக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதையும் கேளுங்கள்.

அடுத்து, காலையில் என்ன சாப்பிட்டுப் போகிறான்? நீங்கள் எழுதியதில் அது இல்லை. முதல் இரண்டு பாடவேளைக்குள் வலி என்றதும் எனக்கு முதலில் தோன்றியதே இதுதான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அது ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகளுக்கென்று வந்த திட்டம். ஊரில் அவன் அரசுப் பள்ளியில் படித்திருந்தால், காலையில் பள்ளியிலேயே சூடாக உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ சாப்பிட்டுப் பழகியிருப்பான். ஆறாவதுக்கு வந்ததும் அது நின்றுபோயிருக்கும். நீங்கள் எட்டு மணிக்கே கிளம்புகிறீர்கள், தனியாக இருக்கும் பையன் மூடி வைத்த தட்டைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டான். மதியச் சத்துணவு வரைக்கும் வெறும் வயிறு. எங்கள் பள்ளியில் ஜூலை மாதக் காலைக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆறாம் வகுப்புதான். ஆகவே நீங்கள் கிளம்புவதற்கு முன்னால் உங்கள் கண் முன்னாலேயே அவன் சாப்பிட்டு முடிக்கட்டும். பழைய சோறும் தயிரும் போதும். மற்ற எதையும் செய்ய முடியாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

சாப்பாடும் சரி, உடம்பும் சரி என்றால் மனதுதான் மிச்சம். அப்போதும் "நடிக்கிறான்" என்று சொல்லாதீர்கள். பயத்தில் வரும் வலி பிள்ளைக்கு நிஜமாகவே வலிக்கும். அதற்காக வீட்டில் நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். ஒரு நாள் நின்றால் அந்த ஒரு நாளுக்குப் பயம் விலகும், மறுநாள் இரண்டு மடங்காக வரும். வீட்டில் செல்போனும் கையில் இருந்தால் பள்ளிக்கூடம் இன்னும் கசக்கும். "வலிக்குதுன்னு தெரியுது சாமி, போயிட்டு வா, சாயங்காலம் பேசுவோம்" என்று அனுப்புங்கள், சாயங்காலம் மறக்காமல் பேசுங்கள்.

எப்போது பேசுவது? இந்த ஊர் வாழ்க்கை எனக்குத் தெரியும். ஒன்றரை ஷிப்ட், சரக்கு ஏற்றுமதிக்குப் போகிற வாரம் என்றால் அதற்கு மேலும் ஆகும். அவனோடு அதிக நேரம் இருங்கள் என்று நான் சொன்னால் அது வெறும் பேச்சு. இருக்கிற கொஞ்ச நேரம் மாறாமல் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். சாயங்கால டீ டைமில் தினமும் ஒரே நேரத்துக்கு ஒரு போன். அதில் "வீட்டுப்பாடம் முடிச்சியா" என்று தொடங்காதீர்கள். "இன்னைக்கு யார்கூட உக்காந்து சாப்பிட்ட?" என்று கேளுங்கள். நான்கைந்து நாள் "யாரும் இல்லை" என்று வந்தால் சிக்கல் எங்கே இருக்கிறதென்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அவன் "அங்கிட்டு", "இங்கிட்டு" என்று பேசுவதைக் கேட்டு வகுப்பில் சிரித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் கொங்குப் பிள்ளைகள் அதில் கொஞ்சம் கொடுமை. அப்படிச் சிரிக்கப்பட்ட பிள்ளை வகுப்பில் வாயைத் திறக்காது, வாயைத் திறக்காத பிள்ளைக்குச் சந்தேகம் தீராது, பிறகு வீட்டுப்பாடமும் எழுத வராது.

நாலரையிலிருந்து ஒன்பது வரை அந்தக் காம்பவுண்டு வீட்டில் தனியாக இருக்கிறானே, அதற்கும் ஒரு வழி பாருங்கள். பக்கத்து லைனில் யாராவது ஒரு அக்காவோ பாட்டியோ இருப்பார்கள். அவர்கள் பாடம் சொல்லித்தர வேண்டாம், அவர்கள் வாசலில் அவன் உட்கார்ந்து எழுதினால் போதும். அம்மாச்சியோடு தினமும் போனில் பேசவிடுங்கள். "அம்மாச்சிகிட்டயே பேசிட்டிருந்தா இங்க எப்படிப் பழகுவான்" என்று சில பெற்றோர் வெட்டிவிடுகிறார்கள். அது தப்பு. பழைய பாசம் அறுந்தால்தான் புதியது ஒட்டும் என்பதில்லை.

அடிப்பது பற்றி. அவன் அப்பா இதைப் படித்தால் நல்லது. அடி வாங்கும் பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது மறைப்பதைத்தான். ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தைத் தானே போட்டுவிடுவது, டைரிக் குறிப்பைக் கிழித்துவிடுவது எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. எனக்கு அந்தக் கையெழுத்துகள் பார்த்தவுடன் தெரியும். அப்படிச் செய்யும் பிள்ளைகள் பலர் மந்தமானவர்கள் கிடையாது, பயந்தவர்கள். பள்ளியில் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. வீட்டில் அந்தச் சட்டம் இல்லை, ஆனால் அடி வாங்குகிற பிள்ளை அதே பிள்ளைதான்.

சனிக்கிழமை சம்பளம். இந்த ஊரில் வீட்டுச் சண்டை பெரும்பாலும் சனிக்கிழமை ராத்திரி நடக்கும், நாங்கள் அதைத் திங்கட்கிழமை காலை வகுப்பில் பார்ப்போம். உங்கள் வீட்டில் அப்படியா என்று தெரியாது, பொதுவாகச் சொல்கிறேன். சண்டையே போடாதீர்கள் என்று யாரிடமும் சொல்ல முடியாது. மார்க் கம்மிங்ஸ் என்ற உளவியலாளர் 1980களிலிருந்தே இதை ஆராய்ந்தவர். பெரியவர்கள் சண்டையிடும் காட்சிகளைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டி, முடிவை மட்டும் விதவிதமாக மாற்றிப் பார்த்தார்கள். சமாதானத்தில் முடிந்த சண்டை பிள்ளைகளை அவ்வளவு கலக்கவில்லை. முடியாமல் தொங்கிய சண்டையும், பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதும்தான் கலக்கியது. சமாதானம் கண்ணுக்குத் தெரியாமல் நடந்திருந்தாலும், பிறகு அதைப் பிள்ளையிடம் சொன்னாலே பாரம் குறைந்தது. அதனால் சண்டை அவன் காதில் விழுந்திருந்தால், முடிந்ததும் அவன் காதில் விழட்டும். "நானும் அப்பாவும் பேசி முடிச்சிட்டோம், உன்னைப் பத்தி இல்ல" என்று ஒரு வார்த்தை. கடைசிப் பாதி முக்கியம். வீட்டில் எது நடந்தாலும் தன்னால்தான் என்று நினைத்துக்கொள்ளும் வயது அது.

அதோடு ஒட்டிய இன்னொரு விஷயத்தைத்தான் நான் உங்களிடம் அதிகம் பேச ஆசைப்படுகிறேன். "உனக்காகத்தானே இப்படி மாடா உழைக்கிறோம்." இந்த வாக்கியம் பேசப்படாத வீடு இந்த ஊரில் குறைவு. உண்மையும் அதுதான். ஊரை விட்டு வந்து, நின்றுகொண்டே பன்னிரண்டு மணி நேரம் தைத்த துணியைச் செக்கிங் பார்த்து, கால் வீங்கி வீட்டுக்கு வருவது அவனுக்காகத்தான். அது அவனுக்குத் தெரிய வேண்டியதும்தான். ஆனால் எப்போது சொல்கிறோம் என்று பாருங்கள். மதிப்பெண் குறைந்த அன்று சொல்கிறோம். அந்த நேரத்தில் அது பாசமாகக் காதில் விழாது, கடனாக விழும். 38 மதிப்பெண் வாங்கிய பையன் அம்மாவின் கால் வீக்கத்துக்கும் தானே காரணம் என்று கணக்குப் போடுகிறான். கடன் தீர்க்க வழி தெரியாதவன் கடன்காரன் முகத்தைப் பார்க்க மாட்டான். உங்கள் மகன் நோட்டை மறைக்கிறான் என்றால் இதையும் யோசியுங்கள். அதே வாக்கியத்தை நல்ல நாளில், சாப்பிடும்போது, கோபமில்லாமல் சொல்லிப் பாருங்கள்: "நாங்க வேலைக்குப் போறது நீ நல்லா வரணும்னுதான். ஒரு பரிட்சைல குறைஞ்சா அதுக்காக எதுவும் மாறிடாது."

இதோடு சேர்ந்து வரும் மிரட்டல்: "படிக்கலைன்னா கம்பெனிக்குத்தான் போகணும்." இதில் இரண்டு கெடுதல். நீங்கள் செய்யும் வேலை கேவலம் என்று நீங்களே அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். இன்னொன்று, திருப்பூரில் இது மிரட்டலாகவே எடுபடாது. எட்டாவது, ஒன்பதாவதில் நின்று, கம்பெனியில் டெய்லருக்கு உதவியாளாகக் கைமடிக்கப் போன அண்ணன்களை அவன் தினமும் தெருவில் பார்க்கிறான். அவர்கள் கையில் சனிக்கிழமை பணம் இருக்கிறது, நல்ல போன் இருக்கிறது. படிப்பில் அடி வாங்கிய பையனுக்கு அது தப்பிக்கும் வழியாகவே தெரியும். என் வகுப்பிலிருந்து அப்படிப் போனவர்களை நான் கடைவீதியில் பார்க்கிறேன். மரியாதையாக வணக்கம் சொல்கிறார்கள். எனக்குத்தான் மனது கேட்பதில்லை.

மிரட்டாமல் அந்த வேலையையே படிப்போடு சேர்க்க முடியும். ஏழாவதில் ஒரு பெண்ணுக்குத் தசம எண் பெருக்கல் மட்டும் வகுப்பிலேயே யாரையும்விட வேகமாக வந்தது, மற்றப் பாடங்களில் சுமார். எப்படி என்று கேட்டேன். அவள் அம்மா பனியன் கம்பெனியில் பேட்லாக் மெஷின் தைக்கும் டெய்லர், பீஸ் ரேட், அதாவது தைத்த பீஸ் எண்ணிக்கைக்குத்தான் கூலி. வாரம் முழுக்க ஒரு சின்ன நோட்டில் பீஸ் எண்ணிக்கையைக் குறித்து வைப்பார். சனிக்கிழமை இரவு அம்மா சொல்லச் சொல்ல மகள் போடுவாள்: 1,640 பீஸ், பீஸுக்கு 2 ரூபாய் 35 காசு, 3,854 ரூபாய். கம்பெனிச் சிட்டையில் 40 ரூபாய் குறைந்திருந்ததை ஒரு வாரம் அவள்தான் பிடித்தாள். "எங்கம்மாவுக்குக் கணக்கு நல்லா வரும் மிஸ், இருந்தாலும் என்னையத்தான் போடச் சொல்லும்" என்றாள். அந்த அம்மா அதைப் படிப்பு என்று நினைத்துச் செய்தாரா, எனக்குத் தெரியாது. மகளுக்குத் தன் படிப்பால் வீட்டுக்கு ஒரு பிரயோசனம் இருக்கிறது என்பது ஒவ்வொரு வாரமும் தெரிந்தது. லூயிஸ் மோல் என்ற கல்வியாளரும் அவரோடு வேலை செய்த ஆசிரியர்களும் அரிசோனாவில் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர் வீடுகளுக்கே போய்ப் பார்த்து, 1992இல் இதைத்தான் எழுதினார்கள்: படிக்காத குடும்பம் என்று பள்ளி நினைக்கும் வீடுகளில் விவசாயம், கட்டட வேலை, வியாபாரம் என்று அறிவு கொட்டிக் கிடக்கிறது, பள்ளி அதைக் கேட்பதில்லை. உங்கள் வீட்டிலும் சனிக்கிழமைக் கணக்கு இருக்கும். அவனிடம் கொடுங்கள்.

ஊரில் முதல் ரேங்க் வாங்கியவன் என்பதும் இப்போது அவனுக்குப் பாரமாக இருக்கலாம். அம்மாச்சி, டீச்சர், ஊரே "கெட்டிக்காரன்" என்று சொல்லியிருக்கும். கிளாடியா முல்லர், கேரல் டிவெக் என்ற உளவியலாளர்கள் இருவர் 1998இல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை வைத்தார்கள். ஒரு குழுவை "நீ புத்திசாலி" என்றும், இன்னொரு குழுவை "நல்லா முயற்சி பண்ணியிருக்க" என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்கள் கொடுத்ததும், புத்திசாலி என்று கேட்டவர்கள் சீக்கிரம் துவண்டார்கள். தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அந்தக் குழுவில்தான் அதிகம். கெட்டிக்காரன் என்ற பெயரைக் காப்பாற்ற எழுதாமலே இருந்துவிடுவது சுலபம் என்று பிள்ளை கண்டுபிடித்துவிடுகிறது. எழுதித் தப்பானால்தானே பெயர் போகும். அதனால் "ஊர்ல அப்படிப் படிச்சியே" என்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். பெரியம்மா பையனோடு ஒப்பிடுவதையும்.

பள்ளியின் பங்கையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. "வீட்டுல கவனிங்க" என்பது நாங்கள் பாரத்தை இறக்கி வைக்கும் வார்த்தை. வகுப்பில் அவன் எங்கே உட்காருகிறான், யார் கேலி செய்கிறார்கள் என்பதெல்லாம் நாங்கள் பார்க்க வேண்டியது. ஒரு நாள் அரை ஷிப்ட் போனாலும் பரவாயில்லை என்று வகுப்பு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். குற்றம் சொல்லப் போக வேண்டாம், தகவல் சொல்லப் போங்கள். அவன் அம்மாச்சியிடம் வளர்ந்தவன், இப்போதுதான் வந்திருக்கிறான், ஊரில் இன்ன பாடம் விருப்பமாகப் படித்தான் என்று சொல்லுங்கள். இது எங்களுக்குப் பெரும்பாலும் தெரிவதே இல்லை, மாற்றுச் சான்றிதழில் இதெல்லாம் இருக்காது. சாக்பீஸ் எடுத்து வருவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று வகுப்பில் ஏதாவது ஒரு பொறுப்புக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வந்த ஒரு மாதத்தில் ஒரு பிள்ளைக்கு நண்பன் கிடைப்பது பெரும்பாலும் இப்படித்தான். ஆசிரியர் காது கொடுக்காவிட்டால் தலைமை ஆசிரியர் இருக்கிறார், பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். எட்டாவது படித்த தாய்க்கும் அங்கே சமமான இடம் உண்டு.

அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வருகைப் பதிவைப் பாருங்கள், சாப்பிட்டுப் போகிறானா என்று பாருங்கள், கூட்டாளி ஒருவன் பெயராவது அவன் வாயில் வருகிறதா என்று பாருங்கள். இவை சரியானால் மதிப்பெண் முழு ஆண்டுக்குள் ஏறத் தொடங்கும். பொங்கல் விடுமுறை முடிந்து வந்த பிறகும் வயிற்றுவலி நிற்கவில்லை, தூக்கத்தில் அலறுகிறான், யாரோடும் பேச மறுக்கிறான் என்றால் காத்திருக்க வேண்டாம். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டுங்கள். பள்ளி தொடர்பாக யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பள்ளியிலோ வெளியிலோ யாராவது அவனைத் துன்புறுத்துகிறார்கள் என்று சந்தேகம் வந்தால் அன்றைக்கே 1098க்குக் கூப்பிடுங்கள்.